ஜூலைக் குளிர் விடுமுறையும் கொஞ்சம் சிரிப்பும்: தென்னாப்பிரிக்கத் தமிழ் வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜூலைக் குளிர் விடுமுறையை முகம் சுளிக்காமல் சிரித்துக் கழிப்பது எப்படி என்று மே மாதக் கடைசியிலேயே கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். கோயில் மண்டபத்துச் சாப்பாட்டு வரிசையில், தமிழ் வகுப்பு முடிந்த வாசலில், ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து வரும் போனில், எங்கே பார்த்தாலும் ஒரே மாதிரிதான். டர்பனில் நான்கு தலைமுறையாக இருப்பவர்களும் கேட்கிறார்கள், போன வருடம் சென்னையிலிருந்து வேலைக்கு வந்தவர்களும் கேட்கிறார்கள். கேட்டவர்களின் வாய்மொழியை மாற்றாமல் கேள்விகளை வைத்திருக்கிறேன். பெயர்களை மட்டும் விட்டுவிட்டேன்.

ஜூன், ஜூலையில என்ன குளிர்கால விடுமுறை? அது டிசம்பர்லதானே வரும்?

பூமத்திய ரேகைக்குத் தெற்கே வந்துவிட்டீர்கள். இங்கே ஆண்டின் மிகக் குறுகிய பகல் ஜூன் 21-ஐ ஒட்டி வருகிறது. அன்று டர்பனில் வெளிச்சம் இருப்பது பத்து மணி நேரம்தான், மாலை ஐந்தைத் தாண்டியதும் இருட்டிவிடும். அரசுப் பள்ளிகளுக்கு அந்தச் சமயத்தில் சுமார் மூன்று வாரம் விடுமுறை. 2025-இல் ஜூன் 27 அன்று மூடி ஜூலை 22 அன்று திறந்தார்கள்.

டிசம்பரிலும் பெரிய விடுமுறை உண்டு, ஆனால் அது கோடை. அப்போது அலுவலகங்களும் பாதி மூடிக்கிடக்கும், போனஸ் வந்திருக்கும், ஊரே கடற்கரையில் இருக்கும். ஜூலையில் விடுமுறை பிள்ளைகளுக்கு மட்டும்தான். பெற்றோர் வழக்கம்போல வேலைக்குப் போக வேண்டும். வீட்டில் ஒரு பாதி விடுமுறையில், இன்னொரு பாதி ஓட்டத்தில். முகம் சுளிப்பதற்குக் குளிரைவிட இதுதான் பெரிய காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. கீழே வரும் பதில்களில் பாதி இதையே சுற்றி வரும்.

டர்பன்ல எல்லாம் ஒரு குளிரா? இதுக்குப் போய் மனசு சோர்ந்துபோகுமா?

டர்பனில் ஜூலைப் பகல் 22, 23 டிகிரி இருக்கும். ஊட்டிக்காரர் கேட்டால் சிரிப்பார். ஆனால் ஜோஹன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே இரவில் 4 டிகிரி சாதாரணம், சில நாள் பூஜ்ஜியத்துக்கும் கீழே போகும். எந்த ஊரானாலும் வீடுகள் வெயிலை நினைத்துக் கட்டியவை. காலையில் வீட்டுக்குள் இருப்பதைவிட வாசலில் நிற்பது இதமாக இருக்கும் அதிசயத்தை இங்கேதான் பார்க்கலாம்.

இந்தக் குளிரிலேயே சிரிப்பதற்கு நிறைய இருக்கிறது. உள்நாட்டிலிருந்து கடற்கரைக்கு வரும் 'வாலி'களை ஜூலையில் டர்பன் கடலோரத்தில் பாருங்கள். அவர்கள் அரைக்கால் சட்டையோடு அலையில் குதித்துக்கொண்டிருப்பார்கள், உள்ளூர்க்காரர் ஜாக்கெட்டும் குல்லாவுமாகக் கரையில் நின்று தேநீர் குடிப்பார். 2023 ஜூலை 10 அன்று ஜோஹன்னஸ்பர்க்கில் பனி பெய்தது, 2012-க்குப் பிறகு அதுதான் முதல் முறை. பெரிய பெரிய அதிகாரிகள் எல்லாம் மீட்டிங்கை விட்டு வெளியே ஓடி, நாக்கை நீட்டிக்கொண்டு நின்ற நாள் அது.

நான் இயல்பாவே கலகலப்பான ஆள் இல்ல. ஜோக் சொல்ல வராது. என்ன செய்றது?

ஜோக் சொல்ல வேண்டாம். ராபர்ட் புரொவைன் என்ற அமெரிக்க ஆய்வாளர் கடைத்தெருவிலும் கல்லூரியிலும் மக்கள் சிரிப்பதை உட்கார்ந்து குறித்தார். சிரிப்புக்கு முன்னால் வந்த பேச்சில் ஐந்தில் ஒரு பங்குகூட ஜோக் இல்லை. "சரி, அப்புறம் பார்க்கலாம்" மாதிரியான சாதாரணப் பேச்சுக்குத்தான் பெரும்பாலும் சிரித்திருக்கிறார்கள். தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிட, கூட ஆள் இருக்கும்போது முப்பது மடங்கு அதிகம் சிரிக்கிறோம் என்றும் அவர் கண்டார்.

அதனால் உங்கள் வேலை சுலபம். பக்கத்தில் இருங்கள், மற்றவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள், வேடிக்கையாகத் தோன்றினால் அடக்காமல் சிரியுங்கள். எல்லாக் குடும்பத்திலும் கதை சொல்ல ஒரு மாமா இருக்கிறார். ரசித்துச் சிரிக்க ஆள் கிடைப்பதுதான் கஷ்டம்.

பிள்ளைங்க மூணு வாரம் வீட்டுல. நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம். சிரிக்க எங்க நேரம்?

முதலில் கணக்கைக் குறையுங்கள். பிள்ளைகளுக்குத்தான் மூன்று வாரம், உங்களுக்குக் கிடைப்பது சில மாலைகளும் மூன்று நான்கு சனி ஞாயிறும். அதற்குள் டிராகன்ஸ்பெர்க் மலை, யானை பார்க்கும் சஃபாரி, அத்தை வீடு, கோயில், பல் டாக்டர் எல்லாவற்றையும் திணித்தால் யாருக்கும் சிரிப்பு வராது. ஒரு வார இறுதிக்கு ஒரே ஒரு திட்டம் போதும். அதுவும் கெட்டுப்போனால் கதையாகிவிடக்கூடிய திட்டமாக இருக்கட்டும்.

டர்பன் இருக்கும் க்வாசுலு நட்டால் மாகாணத்தவர்களுக்கு அப்படி ஒன்று இலவசமாகவே கிடைக்கிறது, சார்டின் ரன். ஜூன், ஜூலையில் தண்ணீர் குளிர்ந்ததும் மத்தி மீன்கள் கூட்டம் கூட்டமாகத் தெற்குக் கடற்கரையை ஒட்டி மேலே வரும். பின்னாலேயே டால்பினும் சுறாவும் கடல் பறவைகளும். அவை மாட்டிக்கொள்ளக் கூடாது என்று, குளிப்பவர்களைக் காக்கக் கடலில் போட்டிருக்கும் வலைகளைச் சுறா வாரியத்தார் அந்தச் சமயம் எடுத்துவிடுவார்கள். ஸ்காட்பர்க், மார்கேட் பக்கம் வலை இழுக்கிறார்கள் என்று சேதி வந்தால் போதும், டர்பனில் இந்தியர் நிறைந்த சாட்ஸ்வொர்த் பகுதியில் பாதி காரில் ஏறிவிடும். வாளி கொண்டுவராதவர்கள் சட்டையைக் கழற்றி அதில் அள்ளுவார்கள். பட்டுப்போன்ற புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கும் பாட்டிகளும் உண்டு. மத்திக் குழம்பு என்று வந்துவிட்டால் குளிராவது ஒன்றாவது.

சில வருடம் மீன் கரைப்பக்கமே வராது. அப்போது வெறும் வாளியோடு திரும்பும் வழியில் பிள்ளைகள் அப்பாவை ஓட்டுவார்கள். ஓட்டட்டும், அதற்குத்தானே கூட்டிக்கொண்டு போனீர்கள்.

ஜோபர்க்லேர்ந்து டர்பனுக்குக் காரில போறதுக்குள்ளயே சண்டை வந்துடுது. பின்சீட்டு போர்க்களம். வழி இருக்கா?

என்3 நெடுஞ்சாலையில் சுமார் 570 கிலோமீட்டர், நிறுத்தாமல் போனாலே ஆறு மணி நேரம். வான் ரீனன் கணவாயில் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் அதற்கும் மேல். இதை ஒரே மூச்சில் முடிக்கும் வீரம் வேண்டாம். ஹாரிஸ்மித்தில் நிறுத்தி, எல்லாரும் இறங்கிக் கையைக் காலை உதறிவிட்டு ஏறுங்கள். பசியும் சிறுநீரும் முட்டும்போது யாருக்கும் நகைச்சுவை உணர்வு இருக்காது, பெரியவர்களுக்கும்தான்.

வழியில் சுங்கச்சாவடிகள் வரும்: டி ஹோக், வில்ஜ், டுகேலா, மூய் ரிவர், கடைசியில் மரியன்ஹில். ஒவ்வொரு சாவடிக்கும் ஒரு பிள்ளை 'வண்டித் தலைவர்' என்று முறை வையுங்கள். அடுத்த சாவடி வரை பாட்டு, ஜன்னல், தின்பண்டம் எல்லாம் அவர் உத்தரவுப்படி. அப்பாவும் கட்டுப்பட வேண்டும். ஏழு வயதுத் தலைவர் போடும் சட்டங்கள் இருக்கிறதே, நாடாளுமன்றம் தோற்றுவிடும்.

அம்மா கோயம்புத்தூர்லேர்ந்து வந்திருக்காங்க. விடிஞ்சா பொழுதுபோனா "என்ன ஊர்டா இது"ன்னு ஒரே புலம்பல். சிரிச்சுப் பேசினா இன்னும் கோபம் வருது.

அவருக்கு முதலில் வேண்டியது சூடு. இரண்டு ஜோடி காலுறை, படுக்கையில் ஹாட் வாட்டர் பாட்டில், காலையில் வெயில் விழும் நாற்காலி. இந்த அரைக்கோளத்தில் சூரியன் வடக்குப் பக்கமாகச் சாய்ந்து போகும், ஆகவே குளிர்காலத்தில் வடக்குப் பார்த்த ஜன்னல்தான் வெதுவெதுப்பாக இருக்கும். நம் ஊர் நினைப்பில் தெற்கு ஜன்னலோரம் உட்காரவைத்தால் அம்மா புலம்புவதில் நியாயம் இருக்கிறது.

உடம்பு சூடான பிறகும் புலம்பல் தொடர்ந்தால், அதைத் தடுக்காமல் ஒரு பதவியாக்கிவிடுங்கள். சாயங்காலம் தேநீரோடு பேரப்பிள்ளை நோட்டை எடுத்துவைத்து, "ஆத்தா, இன்னிக்கு இந்த ஊர்ல என்ன குறை?" என்று கேட்டு எழுதிக்கொள்ளட்டும். நான்காவது நாள் அவரே யோசித்து யோசித்துக் குறை தேடுவார். அவர் குரலை மிமிக்ரி செய்வது மட்டும் கூடாது. ஊரைப் பற்றிச் சிரிக்கலாம், அவரைப் பற்றி அவர் முன்னால் சிரித்தால் அடுத்த விமானத்துக்கு டிக்கெட் கேட்பார்.

கிண்டலுக்கும் புண்படுத்துறதுக்கும் எங்க கோடு? எங்க பெரியப்பா "சும்மா தமாஷ்"னு சொல்லிச் சொல்லியே என் பொண்ண அழ வெச்சுட்டார்.

நம்மவர்கள் இதைப் பழைய காலத்திலேயே யோசித்திருக்கிறார்கள். நகை பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறது தொல்காப்பியம்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். பிறரை இகழ்வது அதில் ஒன்றே ஒன்றுதான். மற்ற மூன்றிலும் குழந்தைத்தனமும் அறியாமையும் வெள்ளை மனசும்தான் இருக்கின்றன. நம் குடும்பக் கூட்டங்களிலோ எள்ளலை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குகிறோம். கனடா உளவியலாளர் ராட் மார்ட்டினும் கூட்டாளிகளும் 2003-இல் நகைச்சுவைப் பாணியை நான்காகப் பிரித்தார்கள். ஒன்று ஆளை ஆளோடு சேர்ப்பது, ஒன்று தன் கஷ்டத்தைத் தானே லேசாக்கிக்கொள்வது, ஒன்று பிறரைக் குத்துவது, ஒன்று எல்லாரும் சிரிக்க வேண்டுமென்று தன்னையே மட்டம் தட்டிக்கொள்வது. முதல் இரண்டும் வீட்டுக்கு நல்லவை.

நான் சொல்லும் அளவுகோல் இதுதான். மாற்ற முடியாததைத் தொடாதீர்கள். நிறம், எடை, உயரம், கல்யாணம் ஆகாதது, குழந்தை இல்லாதது, பரீட்சை மார்க், எதுவும் வேண்டாம். திட்டம் சொதப்பியது, சாம்பாரில் உப்பு மறந்தது, வழி தவறி பீட்டர்மாரிட்ஸ்பர்க் போய்ச் சேர்ந்தது எல்லாம் தாராளமாகக் கிண்டல் செய்யலாம். அதிலும் சொதப்பியவர் முதலில் சிரித்திருக்க வேண்டும்.

சொல்பவர் யார் என்பதும் முக்கியம். டர்பன் விக்டோரியா தெருச் சந்தையில் மிகக் காரமான மிளகாய்ப் பொடிக்கு 'மாமியார் ஒழிப்பு' என்று பெயர் எழுதிக் குவித்து வைத்திருப்பார்கள். சுற்றுலாக்காரர்கள் படம் எடுப்பார்கள். கடைக்காரர் சொன்னால் வேடிக்கை. அதையே மருமகள் வாங்கி வந்து சமையலறை மேடையில் வைத்தால் பஞ்சாயத்து. மாமியாரே வாங்கி வந்து வைத்தால், அந்த வீட்டுக்கு இந்தக் கேள்வி-பதிலே தேவையில்லை.

பெரியப்பா விஷயத்துக்கு வருவோம். எல்லார் முன்னாலும் அவரைத் திருத்தப் போகாதீர்கள். அந்த நிமிடம் யாரும் சிரிக்காமல் இருங்கள், பேச்சை மாற்றுங்கள், பிறகு தனியாக, "பெரியப்பா, அவளுக்கு அது வலிக்குது, வேற எதையாவது சொல்லுங்க" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். மகளிடமும் நீங்கள் சொன்னதைச் சொல்லுங்கள்.

டர்பன் தமிழ்க்காரங்க அவங்களையே செமையா கலாய்ச்சுக்கிறாங்க. நாங்களும் சேர்ந்துக்கலாமா?

கேட்டுச் சிரிக்கலாம். நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம், முக்கியமாக அவர்கள் தமிழைப் பற்றி. 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு டர்பனுக்கு வந்து சேர்ந்தது 1860 நவம்பர் 16. 1911 வரை சுமார் 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள், பெரும்பாலோர் கரும்புத் தோட்டத்துக்கு. பள்ளிக்கூடமும் வேலையும் ஆங்கிலத்திலேயே நடந்த நாட்டில் பேச்சுத் தமிழ் தேய்ந்தது. ஆனாலும் தீமிதியும் காவடியும் விடாமல் வைத்திருக்கிறார்கள். நேற்று வந்த நாம் அவர்கள் உச்சரிப்பைப் பார்த்துச் சிரித்தால், அது மேலே சொன்ன நான்கு பாணியில் பிறரைக் குத்தும் ரகம்.

பதிலாக நம்மைக் கொடுங்கள். 20 டிகிரியில் மங்கி குல்லா போட்டு வந்த நம் கோலத்தையும், பிராய் என்னும் கறி சுடும் கரி அடுப்புப் பக்கத்தில் நின்று "சாதம் எப்ப வரும்?" என்று கேட்ட நம் முகத்தையும் அவர்கள் ஆசை தீரக் கிண்டல் செய்யட்டும். நட்பு அங்கேதான் பிடிக்கும்.

ராத்திரி கரண்ட் போயிடுச்சுன்னா எல்லாம் போச்சு. அப்பவும் சிரிக்கணுமா?

2023-இல் லோட்ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது நாடே அதை ஜோக்காக்கித்தான் தாக்குப்பிடித்தது. பிறகு 2024 மார்ச் கடைசியிலிருந்து பத்து மாதம் விட்டுப்பிடித்தது. வேறு காரணங்களுக்காக ஏரியாவில் கரண்ட் போவது இன்னும் இருக்கிறது. சிரிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒரு கேஸ் அடுப்பு, ஒரு சார்ஜ் விளக்கு, சீட்டுக்கட்டு. இவை இருந்தால் சிரிப்பு தானாக வரும். கழுதை விளையாட ஆரம்பித்த வீட்டில், கரண்ட் வந்ததும் "ஐயோ" என்று பிள்ளைகள் கத்துவதைக் கேட்டிருக்கிறேன்.

விடுமுறை கடைசி நாள்ல ஆடி பிறந்துடுது. மாமியார் வீட்டுல சுத்த சைவம். ஜோபர்க்லேர்ந்து வர்ற மச்சான் கறியோட பிராய் போட நிக்கிறார். நடுவுல நான்.

ஜூலை 16, 17 வாக்கில் ஆடி பிறக்கும். இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் பல அந்த மாதம் முழுக்கக் கறி மீன் தொடமாட்டார்கள், அம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள், 'போரிட்ஜ் பிரேயர்' என்று சொன்னால்தான் சின்னப் பிள்ளைகளுக்குப் புரியும். இது சிரித்து மழுப்பும் விஷயம் இல்லை. விரதம் இருப்பவர் முன்னால் "ஒரு துண்டு சாப்பிட்டா அம்மன் கோவிச்சுக்குமா?" என்று தமாஷ் பண்ணுவது அவர் நம்பிக்கையைக் குத்துவது.

தேதியை முதலிலேயே பேசிவிடுங்கள். ஆடிக்கு முன்னால் வரும் ஒரு வார இறுதி மச்சானுக்கு. டர்பன் ஜூலை குதிரைப் பந்தயம் ஜூலை முதல் சனிக்கிழமை நடக்கும், 1897-இலிருந்து ஓடுகிறது. டிவியில் தொப்பிகளையும் உடைகளையும் பார்த்து மார்க் போட்டுக்கொண்டே அவர் ஆசைதீரப் பிராய் போடட்டும். ஆடி பிறந்த பிறகு வந்தால் அதே கரியில் சோளக்கதிரும் பன்னீரும் உருளைக்கிழங்கும். மச்சான் முணுமுணுப்பார். கூழ் கிண்டும் துடுப்பை அவர் கையில் கொடுங்கள். பெரிய அண்டாவைக் கட்டிதட்டாமல் கிண்டிப் பார்த்தவர்கள் அதற்குப் பிறகு அதிகம் பேசுவதில்லை.

நான் தனி ஆளு. குடும்பம் ஊர்ல. விடுமுறை வந்தா எல்லாரும் எங்கயாவது போயிடறாங்க, ரூம்ல நான் மட்டும்.

ஜோக் தெரியாதவருக்குச் சொன்ன பதிலில் முப்பது மடங்குக் கணக்கு இருக்கிறது, உங்களுக்கும் அதுதான். போனில் வீடியோ பார்த்துச் சிரிப்பது பசிக்குப் பொரி மாதிரி. மனிதர்கள் இருக்கும் இடத்துக்குப் போங்கள். சனிக்கிழமை காலை 8 மணிக்குப் பல ஊர்களில் பார்க்ரன் நடக்கிறது. 5 கிலோமீட்டர், இலவசம், நடந்தே போகலாம், கடைசியாக வந்தாலும் கைதட்டுவார்கள். கோயிலில் கூழ் ஊற்றும் நாளில் பாத்திரம் கழுவ ஆள் வேண்டும். ஜூலை 18 மண்டேலா நாளில் 67 நிமிடம் பொதுவேலைக்கு ஒதுக்குவது வழக்கம், அவர் பொதுவாழ்வில் உழைத்த 67 வருடத்துக்காக. போர்வை தைக்கவோ சாண்ட்விச் கட்டவோ போய் உட்கார்ந்தால், பக்கத்தில் இருப்பவர் கட்டாயம் ஏதாவது கதை சொல்வார்.

இந்த வருஷம் அப்பா தவறிட்டார். வீட்டுல சிரிப்புச் சத்தம் கேட்டா தப்பா நினைப்பாங்களா?

சிலர் நினைப்பார்கள், நினைக்கட்டும். பண்டிகையை நிறுத்திவைப்பது முறை. சிரிப்பை நிறுத்திவைக்க யாராலும் முடியாது, அது துக்கத்துக்கு நடுவிலேயே வந்துவிடும். பதினாறாம் நாள் காரியத்துக்குக் கூடியவர்கள்கூட இறந்தவர் செய்த குறும்பைச் சொல்லி அழுதுகொண்டே சிரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அப்பா சொல்லும் அதே பழைய கதையை விடுமுறையில் யாராவது சொல்லட்டும். அம்மா சிரித்தால் சேர்ந்து சிரியுங்கள், எழுந்து உள்ளே போனால் கொஞ்ச நேரம் விட்டுவிட்டுப் பின்னால் போங்கள். அவரைத் தேற்றுவதற்காக நீங்கள் கோமாளி வேடம் போட வேண்டியதில்லை.

எல்லார் முன்னாலயும் நல்லா சிரிக்கிறேன். தனியா வந்தா ஒண்ணுமே பிடிக்கல. இது குளிர்னாலயா?

குளிராலும் வெளிச்சக் குறைவாலும் சிலருக்கு மனம் சோர்வது உண்மை. காலை வெயிலில் அரை மணி நேரம் நடப்பது உதவும். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கம், சாப்பாடு, எதிலும் நாட்டம் எல்லாம் கெட்டிருந்தால், அல்லது உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும், இந்தப் பக்கத்தை மூடிவிட்டு டாக்டரைப் பாருங்கள். சாடாக் என்ற தென்னாப்பிரிக்க மனநல அமைப்பின் இலவச எண் 0800 567 567, ராத்திரியிலும் எடுப்பார்கள். வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள். கலகலப்பான ஆள் என்று பெயர் எடுத்தவர்கள்தான் கடைசி வரை வாய் திறப்பதில்லை.

தங்கச்சி குடும்பம் லெசோதோ போய் பனியில சறுக்குற படமா அனுப்புது. எங்க வீட்டுல மூணு பேருக்கும் சளி. எரிச்சலா வருது.

வரத்தான் செய்யும். படத்துக்கு ஒரு இதயத்தைப் போட்டுவிட்டு, மூன்று பேரும் துண்டைப் போர்த்திக்கொண்டு ஆவி பிடிக்கும் படத்தை எடுத்து "நாங்களும் பனிமூட்டத்தில்" என்று பதிலுக்கு அனுப்புங்கள். பத்து நிமிடத்தில் தங்கை போன் செய்து, சறுக்கி விழுந்து இடுப்புப் பிடித்துக்கொண்ட கதையைச் சொல்லுவாள். அந்தப் படத்தை அவள் அனுப்பியிருக்கமாட்டாள்.